கிளாவர் துருப்பு

திருத்தணியில் கிளாவர் என்றால் சீட்டு. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வந்து சத்திரத்துத் திண்ணையில் இரவைக் கழிப்பவரிடம் கேளுங்கள். கல்யாண மண்டபத்தில் இரண்டாம் பந்திக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாரிடம் கேளுங்கள். கறுப்பாக மூன்று குமிழும் ஒரு காம்பும் கொண்ட அட்டையைத்தான் காட்டுவார்கள். அது ஒரு செடியின் இலை என்று சொல்லிப் பாருங்கள். “அப்படியா, சரி, கையில இருக்கறதைப் போடுங்க” என்பார்கள்.

இந்தச் சொல்லை இங்கிலீஷ்காரன் கொடுத்துவிட்டுப் போனான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவன் அந்தச் சீட்டைக் ‘கிளப்’ என்பான். அவன் கண்ணுக்கு அது தடி. மூவிலைச் செடியின் பெயரைச் சொல்லி அதைக் ‘கிளாவர்’ என்று கூப்பிடுகிறவன் டச்சுக்காரன். நாம் ‘ஆட்டின்’ என்று போடுகிறோமே, அதுவும் அவன் சரக்குத்தான். அவன் மொழியில் அந்தச் சீட்டு ‘ஹார்த்தன்’. அவன் 1610-ல் பழவேற்காட்டில் கடை விரித்து 1613-ல் கெல்ட்ரியா என்று கோட்டையும் கட்டிக்கொண்டான். பழவேற்காடும் திருத்தணியும் இன்றைக்கு ஒரே திருவள்ளூர் மாவட்டம். ஆக, உலகமெல்லாம் இப்போது ‘வெட்டவே வேண்டாத புல்தரை’ என்று கொண்டாடும் செடி எங்கள் மாவட்டத்துக்குக் காகித வடிவில் வந்து வெகுகாலம் ஆகிறது. தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், போலீஸ் வந்தால் மட்டும் மறைத்து வைக்க வேண்டும்.

விஷயம் இதோடு நின்றிருக்கும். என் தாய்மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதுதான் வினை.

ஓய்வு பெற்றவர் வீடு கட்டினார். வீட்டுக்கு முன்னால் அரை கிரவுண்டு காலி இடம். எங்கள் பக்கத்தில் காலி இடம் என்றால் சாணி தெளித்துக் கோலம் போடுவது, மிளகாய் காயப்போடுவது, யாராவது செத்தால் பந்தல் போடுவது என்று மூன்று உபயோகம் உண்டு. மாமா நான்காவதைக் கண்டுபிடித்தார். கைபேசியில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் செருப்பில்லாமல் பச்சைத் தரையில் நடக்கும் படத்தைக் காட்டி, “இது புல் இல்லடா, கிளாவர். வெட்ட வேணாம். உரம் போட வேணாம். காத்துலேர்ந்தே தனக்கு வேண்டியதை எடுத்துக்குமாம்” என்றார்.

“அப்ப உங்களை மாதிரின்னு சொல்லுங்க” என்றாள் மாமி. பென்ஷன் வந்த மாதம் அது.

விதைப் பொட்டலம் வந்து சேர்வதற்குள், இந்தப் புல்தரை என்ற வியாதி மனிதகுலத்துக்கு எங்கே தொற்றியது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

நம் மரபில் வீட்டு வாசலில் புல் இருந்தால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்ச நாள் போனால் எருக்கு முளைக்கும். அதையே சாபமாகவும் விடுவோம். ஆனால் இங்கிலாந்துப் பிரபு வேறு ஜாதி. ‘எனக்கு இவ்வளவு நிலம் இருக்கிறது, இதில் ஒரு மணி கோதுமைகூட விளைவிக்க வேண்டிய தலையெழுத்து எனக்கில்லை’ என்று ஊருக்குக் காட்டுவதற்காக அவன் வாசலில் புல் வளர்த்தான். அதை மட்டமாக வைத்திருக்க ஆடுகளும், நீள அரிவாளோடு ஒரு கூட்டம் ஆட்களும் வேண்டியிருந்தது. ஆடு சம்பளம் கேட்காது. ஆனால் விருந்தாளியின் காலணிக்கு உத்தரவாதம் கிடையாது.

1830-ல் எட்வின் பியர்ட் பட்டிங் என்ற கிளாஸ்டர்ஷயர் பட்டறைக்காரர் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். யோசனை கிடைத்த இடம் துணி ஆலை. கம்பளித் துணியின் மேல் சிலும்பி நிற்கும் நூலைச் சீவ அங்கே ஓர் உருளைக் கத்தி இருந்தது. துணியைச் சீவினால் தரையை ஏன் சீவக்கூடாது என்று நினைத்தார். பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் எவருக்கும் இந்த யோசனை வராமல் போனது நம் பாக்கியம். வந்திருந்தால் பள்ளிப்பட்டு வரைக்கும் வாசலில் சாணி தெளிக்க இடம் கிடைத்திருக்காது.

இதற்கு முன்பே கிளாவர் பெரிய மனிதர்களின் சகவாசம் பெற்றிருந்தது. சார்லஸ் டௌன்ஷெண்ட் என்று ஒரு பிரபு, பிரிட்டிஷ் மந்திரி. பிரதம மந்திரி வால்போல் அவருக்கு மச்சான். மச்சானும் மச்சானும் ஒரே மந்திரிசபையில் இருந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும், அதுவேதான் நடந்தது. 1730-ல் பதவியை விட்டெறிந்துவிட்டு நார்ஃபோக் கிராமத்துக்குப் போய்க் கோதுமை, டர்னிப், பார்லி, கிளாவர் என்று மாற்றி மாற்றிப் பயிர் செய்வதில் இறங்கினார். கிளாவர் போட்ட மறுவருஷம் கோதுமை கொழித்தது. ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. நாட்டுக்கு அவர் மந்திரியாகச் செய்ததைவிட, மச்சானிடம் கோபித்துக்கொண்டு செய்தது அதிகம். சரித்திரம் அவரை ‘டர்னிப் டௌன்ஷெண்ட்’ என்று நினைவு வைத்திருக்கிறது. கிளாவரை விட்டுவிட்டது; கிழங்குக்குத்தான் எப்போதும் மரியாதை.

பிறகு டார்வின் வந்தார். 1859-ல் வெளிவந்த பெரிய புத்தகத்தில் பூனைக்கும் கிளாவருக்கும் முடிச்சுப் போட்டார். சிவப்புக் கிளாவர் விதை கட்ட வண்டுத்தேனீ வேண்டும். வண்டுத்தேனீயின் கூட்டை எலி அழிக்கும். எலியைப் பூனை பிடிக்கும். எனவே ஊரில் பூனை எத்தனையோ அதைப் பொறுத்துத்தான் வயலில் கிளாவர். பின்னால் வந்த கேலிக்காரர்கள் சங்கிலியை இரண்டு பக்கமும் நீட்டினார்கள். பூனை வளர்ப்பவர்கள் கல்யாணமாகாத கிழவிகள். கிளாவர் தின்பது மாடு. மாட்டைத் தின்பது சிப்பாய். ஆகவே பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் நிற்பது கல்யாணமாகாத கிழவிகளின் தயவில். நம் விடுதலை வீரர்கள் இதைக் கவனித்திருந்தால் உப்புக் காய்ச்சியிருக்க வேண்டாம், கிழவிகளுக்கு வரன் பார்த்திருக்கலாம்.

இதை விளையாட்டென்று நினைக்காதவர்கள் நியூசிலாந்துக்காரர்கள். அங்கே கொண்டுபோய் விதைத்த சிவப்புக் கிளாவர் பூத்துக் குலுங்கியது. விதை மட்டும் சரியாகக் கட்டவில்லை. வண்டுத்தேனீ அந்தத் தீவில் கிடையாது. 1885-ல் இங்கிலாந்திலிருந்து ராணித் தேனீக்களைக் குளிர்பதனக் கப்பலில் தூங்க வைத்துக் கொண்டுபோய் இறக்கினார்கள். அதே காலத்தில் நம் ஆட்கள் பிஜிக்கும் மொரிஷியசுக்கும் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் குளிர்பதனம் இல்லை.

நம் கதைக்கு வேண்டிய வருஷம் 1888. இரண்டு ஜெர்மானியர்கள் அதற்கு இரண்டு வருஷம் முன்பே, கோதுமை கொழித்த ரகசியத்தை உடைத்திருந்தார்கள்: அவரை, பட்டாணி, கிளாவர் குடும்பத்துச் செடிகளின் வேர் முடிச்சில் நுண்ணுயிர் குடியிருக்கிறது, காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. அந்தக் குடித்தனக்காரனைத் தனியே பிடித்து வளர்த்துக் காட்டியவர், 1888-ல், மார்ட்டினஸ் பெயரிங்க். டெல்ஃப்டில் ஈஸ்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். டச்சுக்காரர் என்பதைச் சொல்லவும் வேண்டுமா. கல்யாணமும் விஞ்ஞானமும் ஒத்துவராது என்று கட்டை பிரம்மச்சாரியாகவே இருந்தவர், மாணவர்கள் மேல் எரிந்து விழுவதில் பேர்போனவர். கோபம் தணிய எங்கள் தணிகை மலைக்கு ஒரு நடை வந்து போயிருக்கலாம்.

அந்த முடிச்சைப் பார்க்க டெல்ஃப்டுக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துக் கடலைக்காட்டில் ஒரு செடியைப் பிடுங்கினால் வேரில் குண்டுமணிக் குறுணை போல ஒட்டியிருக்கும். சின்ன வயதில் அதைக் கடலைக்குப் பிறந்த குட்டி என்று நினைத்துக் கடித்துப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதை மூட்டையில் கட்டி யூரியா என்று விற்பவனிடம் நாம் வரிசையில் நிற்கிறோம். இந்தக் குறுணை இலவசமாகப் பிடித்துக் கொடுக்கிறது.

அதே 1888-ல், செப்டம்பர் 5-ம் தேதி, திருத்தணியில் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்தார். இதற்கும் வேர் முடிச்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் புல்தரைக்குச் சம்பந்தம் உண்டு, வருகிறேன்.

அவர் பிறந்தபோது திருத்தணி வட ஆற்காடு ஜில்லா. 1911 ஏப்ரல் 1-ம் தேதி சித்தூர் ஜில்லா என்று புதிதாக ஒன்றை உண்டாக்கி எங்களை அதில் தள்ளினார்கள். 1953 அக்டோபர் 1-ம் தேதி ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூரோடு சேர்த்து எங்களையும் வாரிக்கொண்டு போனார்கள். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் தொண்டர்களும் அடிபட்டு, சிறை போய், கத்திக் கதறிய பிறகு, மத்தியஸ்தர் படாஸ்கர் வந்து எல்லைக் கோடு போட்டுக் கொடுக்க, 1960 ஏப்ரல் 1-ம் தேதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பினோம். சித்தூருக்குப் போனதும் சென்னைக்கு வந்ததும் ஏப்ரல் முதல் தேதி. அதைத் தேர்ந்தெடுத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். அல்லது வெறும் நிதியாண்டு உணர்வு. மலை நகரவில்லை, 365 படியில் ஒரு படி கூடவில்லை, சாமி எழுந்து உட்காரவில்லை. கீழே அடங்கலில் மட்டும் நாங்கள் ஒரு நாள் சொந்தக்காரன், மறுநாள் வந்தேறி, அதற்கு மறுநாள் மறுபடி சொந்தக்காரன்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், ஏறக்குறைய அதே காலத்தில் கிளாவருக்கும் இதேதான் நடந்தது. நாற்பதுகள் வரைக்கும் அமெரிக்காவில் புல்தரை விதை என்று வாங்கினால் வெள்ளைக் கிளாவரும் கலந்துதான் வரும். கலந்தால்தான் மரியாதை, புல்லுக்கு உரம் அது போடும், கோடையில் புல் பழுத்தாலும் அது பச்சையாக நிற்கும். அப்போது யுத்தம் வந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ரகசியமாக ஆராய்ந்ததில் 2,4-டி என்ற மருந்து கிடைத்தது. யுத்தம் முடிந்ததும் கடைக்கு வந்தது. தெளித்தால் அகல இலைச் செடியெல்லாம் முறுக்கிக்கொண்டு சாகும், புல் மட்டும் பிழைக்கும். களையைக் கொன்ற மருந்து கிளாவரையும் சேர்த்துக் கொன்றது. மருந்தை மாற்றுவதா, அகராதியை மாற்றுவதா என்ற கேள்வி வந்தபோது அகராதி மலிவாக இருந்தது. கிளாவரைக் களை என்று அறிவித்தார்கள். அதைக் கொன்ற பிறகு புல்லுக்கு நைட்ரஜன் போதவில்லை, எனவே உர மூட்டை விற்றார்கள். உரம் போட்டால் புல் வேகமாக வளர்ந்தது, எனவே வெட்டும் இயந்திரம் விற்றார்கள். படாஸ்கர் போட்ட கோட்டில்கூட இவ்வளவு லாபம் எவனும் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் கந்தசஷ்டிக்குச் சூரசம்ஹாரம் கிடையாது. மற்ற படைவீடுகளில் சூரன் தலை உருளும்போது இங்கே சாமிக்குப் பூப்போட்டு முடித்துக்கொள்கிறோம். சண்டையெல்லாம் போட்டு முடித்துக் கோபம் தணிந்து வந்து உட்கார்ந்த இடம் இது, செருத்தணி. புல்தரைக்காரர்கள் அந்தப் பக்கம். வருஷம் முழுக்கச் சம்ஹாரம்.

இனி ராதாகிருஷ்ணன். 1962-ல் குடியரசுத் தலைவரானார். அவர் குடியேறிய மாளிகைக்குச் சுமார் 330 ஏக்கர் வளாகம், அதில் 15 ஏக்கர் மொகலாயத் தோட்டம். 2023-லிருந்து அதற்கு அம்ரித் உத்யான் என்று பெயர். வைஸ்ராய்க்காக லட்யன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து, மஸ்டோ என்ற தோட்டக்காரத் துரை நட்டு வளர்த்தது. சாம்ராஜ்யத்தின் உச்சிப் புல்தரை. அதற்கு என்ன புல் போட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? கல்கத்தா பெல்வடேர் மாளிகையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த ‘தூப்’ புல். தூப் என்றால் வேறொன்றுமில்லை, அருகம்புல். விநாயக சதுர்த்தி அன்று எங்கள் பஜாரில் கைப்பிடிக் கட்டாக விற்குமே, அதேதான். வைஸ்ராய்கள் வருவார்கள், போவார்கள், கீழே கிடப்பது பிள்ளையார் சொத்து. தம்பி ஊர்க்காரர் ஒருவர் கடைசியில் அங்கே போய் அண்ணன் புல்லின் மேல் உலாவினார்.

அவருக்கு முன்பே இன்னொரு தமிழர் அந்த வளாகத்தில் கைவைத்துவிட்டார். ராஜாஜி, 1948-லிருந்து 1950 வரை கவர்னர் ஜெனரல். நாட்டில் உணவுப் பஞ்சம். இவ்வளவு பெரிய வளாகத்தைச் சும்மா போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது சேலத்து வக்கீலுக்குப் பொறுக்கவில்லை. தாமே ஏர் பிடித்து உழுது ஒரு பகுதியைத் தானியத்துக்கு விட்டார். புல்தரையைப் பெருமையாக வளர்த்த வம்சம் ஒன்றின் வீட்டில் கோதுமை விதைத்த சரித்திரம் வேறெங்கும் உண்டா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்றும் அங்கே காய்கறித் தோட்டம் இருக்கிறது.

துரைகளின் புல்தரை எங்களுக்கும் பழக்கம்தான், வேறு விதத்தில். வருஷப் பிறப்பு என்றால் ஜனவரி முதல் தேதி காலையில் மாலையும் எலுமிச்சம்பழமுமாக உத்தியோகஸ்தர்கள் துரை பங்களா வாசலில் போய் நிற்பார்கள். துரை எழுந்து வந்து பழத்தை வாங்கித் தலையை ஆட்டும்வரை நிற்க வேண்டும். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் பார்த்தார். ‘எல்லாத் துரைக்கும் பெரிய துரை மேலே உட்கார்ந்திருக்கிறான், முதலில் அவனுக்குப் போய்ச் சொல்லுங்கள்’ என்ற எண்ணத்தில் டிசம்பர் 31-ம் தேதி இரவு படிக்கொரு பாட்டாகப் பாடி ஏறும் திருப்படித் திருவிழாவைத் தொடங்கிவைத்தார். துரை போனார், பங்களாப் புல் போனது, படித்திருவிழா நடக்கிறது. எலுமிச்சம்பழ விலை மட்டும் அன்றைக்கு ஏறுகிறது.

தமிழ்நாட்டில் உண்மையான கிளாவர் எங்கே என்று கேட்பவர்களுக்கு: நீலகிரியில். வெள்ளைக்காரன் குளிருக்கு ஆசைப்பட்டு ஏறினான், 1848-ல் மெக்ஐவர் என்ற தோட்டக்காரரைக் கியூவிலிருந்து வரவழைத்து ஊட்டியில் பூங்கா போட்டான், இங்கிலாந்துச் செடியெல்லாம் கூடவே ஏறிவிட்டன. வெள்ளைக் கிளாவர் இன்றும் சாலையோரத்தில், தேயிலைத் தோட்டத்து ஓரத்தில், யாரும் கேட்காமல் படர்ந்து கிடக்கிறது. ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் ஊரில் அதற்கு ஒரு குறையும் இல்லை.

திருத்தணி ஸ்வெட்டர் போடும் ஊர் இல்லை. கோடை வந்தால் வானிலைச் செய்தியில் வேலூருக்குப் பக்கத்தில் எங்கள் பெயரைத்தான் வாசிப்பார்கள், 40-க்கு மேல் ஒரு எண்ணைச் சொல்லி. கரும்பாறை மலை பகலெல்லாம் வெயிலை வாங்கி ராத்திரி திருப்பிக் கொடுக்கும். இந்த ஊரில் என் மாமா கார்த்திகை தீபம் முடிந்து கிளாவர் விதைத்தார்.

முளைத்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மார்கழிப் பனியில் திருப்பாவை கேட்டுக்கொண்டே பச்சைப்பசேல் என்று வந்தது. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரைக்காரம்மா கேட்டைத் திறந்துகொண்டு நேராக உள்ளே வந்தாள்.

“இன்னா சார், வெந்தயக்கீரை போட்டுக்கினியா? நல்லா வந்துக்குது. நாலு கட்டு குடேன், பஜார்ல போட்டுட்டுத் துட்டு தரேன்.”

“இது வெந்தயக்கீரை இல்லம்மா. கிளாவர்.”

“சீட்டா?”

மாமா அன்று சாப்பிடவில்லை. எனக்கோ அந்தம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. தாவரவியல் படித்தவர்கள் சொல்வதை அவள் இடுப்புக் கூடையோடு சொல்லிவிட்டாள். வெந்தயமும் கிளாவரும் நெருங்கிய பங்காளிகள். அதே மூவிலை, வேரில் அதே மாதிரிக் குடித்தனக்காரன். மாட்டுக்குப் போடும் குதிரை மசால் இன்னொரு பங்காளி. வடக்கே மாட்டுக்குப் போடும் பெர்சீம் எகிப்திலிருந்து வந்த அசல் கிளாவரே. அப்படிப் பார்த்தால் மாமா இவ்வளவு நாளும் புல்தரையை அஞ்சறைப்பெட்டியில் வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், தோசை மாவில் போட்டு அரைத்துக்கொண்டு.

மாசியில் ஓரம் பழுத்தது. மாமா காலை மாலை தண்ணீர் ஊற்றினார். பராமரிப்பு வேண்டாத செடிக்கு இரண்டு வேளை தண்ணீர், ஒரு வேளை புலம்பல். பங்குனி உத்திரத்துக்குச் சாம்பல் பூத்தது. அக்னி நட்சத்திரம் ஆரம்பித்தபோது அரை கிரவுண்டில் இருந்தது மண், ஒரு பொட்டலத்தின் உறை, மாமா.

“நாலு இலை கிளாவர் கிடைச்சா அதிர்ஷ்டமாம்டா. ஒண்ணுகூடக் கிடைக்கல” என்றார். அயர்லாந்துக்காரர்கள் மூன்று இலைக்குப் பரிசுத்த மும்மை என்று பொருள் சொல்வார்கள். பல ஆயிரத்தில் ஒன்றுதான் நான்காவது இலையோடு வருமாம். எங்களுக்கு இதற்கு வேறு விளக்கம் இருக்கிறது. மூன்று இலை முருகன், வள்ளி, தெய்வானை. நான்காவது இலை, தினைப்புனத்தில் தம்பி திணறியபோது யானையாக வந்து வள்ளியை விரட்டிக் கல்யாணத்தை முடித்துக்கொடுத்த அண்ணன். அது எப்போதாவதுதான் வரும்.

நான்கு இலை வேண்டுமென்றால் மாமா நந்தியாற்றுப் பக்கம் ஒரு வாய்க்காலில் இறங்கியிருக்கலாம். ஆரைக்கீரைக்கு எப்போதுமே நாலு இலை. நாலுக்குக் குறைந்து வளர அதற்குத் தெரியாது. கிளாவருக்கு அது சொந்தமும் இல்லை. பூக்காத, விதைக்காத, பெரணி ஜாதி. ஒவ்வொரு தண்டிலும் ஒரு அதிர்ஷ்டம், ஏக்கர் கணக்கில். நெல்வயலில் அதைக் களை என்று சொல்லி அடிப்பதும் அதே 2,4-டி தான். அந்த மருந்துக்கு நம் ஊர் வெளியூர் என்ற பேதமில்லை.

ஆடி பிறந்து மழை இறங்கியதும் மாமா வாசலில் வேறு கூட்டம் வந்தது. யாரும் விதைக்கவில்லை. முதலில் அருகு. அப்புறம் பொடுதலை, தரையோடு தரையாகப் பாய் விரித்தது போல, சின்னச் சின்ன வெள்ளைப் பூவோடு. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்ச நம் பாட்டிகள் தேடிய அதே பொடுதலை. அதைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தி ஜப்பானில் குராப்பியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பயந்து புல்தரையைப் பெயர்த்தவர்கள் அதைக் காசு கொடுத்து வாங்கி நடுகிறார்கள். ஜப்பானில் அதைச் செய்தவர் ஒரு பேராசிரியர். இங்கே செய்தது கழனியிலிருந்து வந்த ஆட்டின் குளம்பு.

அதற்கு நடுவில் சிறுபுள்ளடி. குட்டியூண்டு மூவிலை, ஊதாப்பூ, காலை வைத்தால் மெத்து. இதுவும் அவரைக் குடும்பம், இதன் வேரிலும் முடிச்சு, இதுவும் காற்றிலிருந்தே சம்பாதிக்கிறது. கைபேசிப் படத்தில் மாமா பார்த்த குணம் அத்தனையும் இதற்கு உண்டு. 40 டிகிரியில் உயிரோடு இருக்கும் என்ற ஒரு குணம் கூடுதல். நிழல் பக்கம் புளியாரை, மஞ்சள் பூவோடு. பாத்திரம் கழுவும் தண்ணீர் தேங்கும் மூலையில், நம்பினால் நம்புங்கள், ஆரைக்கீரை, நாலு நாலு இலையாக.

மாமி புளியாரையைப் பறித்துத் துவையல் அரைத்தாள். பொடுதலையை எண்ணெயில் போட்டாள். ஆரையைக் கடைந்தாள். வெள்ளைக்காரன் தன் புல்தரையைச் சாப்பிட்டதாக எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தலபுராணத்தில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. இந்திரன் தணிகையில் சுனை வெட்டி நீலோற்பலம் நட்டான், காலை, நண்பகல், மாலை என்று நாளுக்கு மூன்று பூ பூத்தது என்பார்கள். இந்திரன் இங்கே சாமிக்கு மாமனார். ஐராவதத்தையே சீதனமாகக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றவர். அவரிடம் விதைப் பொட்டலம் வாங்கக் காசு இருந்திருக்காது. சுனையில் எது வளருமோ அதை நட்டார், அது வளர்ந்தது.

மாமா இப்போது ‘இயற்கைத் தரைமூடி’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டுகிறார். தானே கண்டுபிடித்தது போல ஒரு தோரணை. ஆடு மேய்ந்தது போகக் காடாக மண்டிக் கிடக்கிறது. பொடுதலைக் கொடி ஒரு சாண் கிள்ளி ஈர மண்ணில் அழுத்தினால் கணுவுக்குக் கணு வேர் விட்டுக்கொள்ளும். வேண்டுபவர்கள் வந்து எடுத்துப் போகலாம், காசு கிடையாது. செவ்வாய்க்கிழமையும் கிருத்திகையும் மட்டும் வராதீர்கள். மலைக்கு வரும் கூட்டத்தில் தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.